பிரிட்டிஷ் மியூசியத்தின் பொருள்கள் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: ஐயா, நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. எங்கள் பக்கத்துத் தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயிலின் திருமங்கையாழ்வார் சிலையைத் திருப்பித் தர ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது என்று படித்தபோது அவ்வளவு சந்தோஷம். ஆனால் லண்டனில் இருக்கும் பிரிட்டிஷ் மியூசியம் மட்டும் யார் எதைக் கேட்டாலும் "எங்கள் சட்டம் இடம் கொடுக்காது" என்றே சொல்கிறது. அது 1753இல் போட்ட சட்டமாமே, இன்றைக்கும் செல்லுமா? அரசாங்க மியூசியம்தானே, அரசாங்கம் நினைத்தால் கொடுத்துவிட முடியாதா? இன்னொரு விஷயமும் கேட்க வேண்டும். காலஞ்சென்ற என் அப்பா சேர்த்து வைத்த ஓலைச்சுவடிகள், பழைய நிலப் பத்திரங்கள், சில சிலைகள், நாணயங்கள் எங்கள் வீட்டில் இருக்கின்றன. ஊரிலேயே ஒரு சின்ன அருங்காட்சியகமும் ஆய்வு நூலகமும் வைக்க ஆசை. தம்பிகள் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். எப்படி எழுதி வைத்தால் நிலைத்து நிற்கும்?

— ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அம்மா, நீங்கள் இரண்டு கேள்வி கேட்டதாக நினைக்கிறீர்கள். வழக்கறிஞன் பார்வையில் அது ஒரே கேள்விதான். ஒரு மனிதர் சேர்த்ததை ஊருக்கென்று ஆக்கும்போது அது யார் பெயரில் நிற்கிறது, அதைக் கொடுக்கவும் விற்கவும் யாருக்கு அதிகாரம்? லண்டனில் இதற்கு என்ன பதில் எழுதினார்கள் என்று தெரிந்துகொண்டால் உங்கள் வீட்டுப் பத்திரத்தை எழுதுவது சுலபமாகும்.

முதலில் நேர் பதில். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் பொருள்கள் பிரிட்டிஷ் அரசாங்கத்துக்குச் சொந்தமல்ல, மன்னருக்கும் அல்ல. அறங்காவலர் குழு என்ற சட்டப்படியான ஓர் அமைப்பின் பெயரில் அவை இருக்கின்றன. அந்தக் குழுவை உண்டாக்கியது நாடாளுமன்றம். குழு என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று சொல்வதும் நாடாளுமன்றச் சட்டமே. அமைச்சர் ஒருவர் கையெழுத்துப் போட்டு ஒரு சிலையை எடுத்துக் கொடுக்க முடியாது. ஆகவே "சட்டம் இடம் கொடுக்காது" என்பது வெறும் சாக்கு அல்ல. அதே சமயம் அது முழுப் பதிலும் அல்ல. அதற்குப் பிறகு வருகிறேன்.

1753இல் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் அப்பாவின் கதையும் அங்கேதான் தொடங்குகிறது. சர் ஹான்ஸ் ஸ்லோன் என்று ஒரு மருத்துவர். அயர்லாந்தில் 1660இல் பிறந்தவர். இளவயதில் ஆளுநரின் வைத்தியராக ஜமைக்கா போனார், அங்கே செடிகொடிகளைச் சேர்க்க ஆரம்பித்தார். பிறகு லண்டனில் பெரிய மனிதர்களுக்கு வைத்தியம், நியூட்டனுக்கு அடுத்து ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் தலைமை என்று வாழ்ந்தார். ஜமைக்காவில் அடிமைகளை வைத்து நடத்திய கரும்புத் தோட்டங்களின் வருமானம் மனைவி வழியில் வந்துகொண்டிருந்தது. அந்தப் பணமும் சேர்ந்துதான் சேகரிப்பு வளர்ந்தது, அதை மறைத்துப் பேசுவதில் நியாயமில்லை. 1753 ஜனவரி 11 அன்று, 92 வயதில் அவர் இறந்தபோது சுமார் 71,000 பொருள்கள் இருந்தன: உலர்த்திய செடிகள், சிப்பிகள், நாணயங்கள், கையெழுத்துப் பிரதிகள், புத்தகங்கள்.

அவர் எழுதிய உயில் கெட்டிக்காரத்தனமானது. "நாட்டுக்குத் தானம்" என்று அவர் எழுதவில்லை. நாட்டின் பொருட்டு மன்னர் எடுத்துக்கொள்ளலாம், என் இரண்டு மகள்களுக்கும் சேர்த்து 20,000 பவுண்டு கொடுத்துவிட வேண்டும் என்று எழுதினார். மறுத்தால் வெளிநாட்டு அறிவியல் கழகங்களுக்கு அதே விலையில் கொடுக்க முன்வர வேண்டும் என்றும் சேர்த்தார். பொருளின் உண்மை மதிப்பைவிட மிகக் குறைந்த விலைதான், ஆனாலும் விலை. இது முக்கியம். தானம் கொடுத்தால் "நன்றி" என்று வாங்கி உள்ளே வைத்துவிட்டு மறந்துவிடலாம். விலை கேட்டால் நாடாளுமன்றம் கூடியாக வேண்டும். கூடினால் எங்கே வைப்பது, யார் பார்த்துக்கொள்வது, யாரை உள்ளே விடுவது என்று எழுத்தில் முடிவு செய்தாக வேண்டும்.

கூடியது. கூடியபோது ஏற்கெனவே மனசை உறுத்திக்கொண்டிருந்த ஒரு பழைய கடனும் கண்ணில் பட்டது. காட்டன் குடும்பத்தின் கையெழுத்துப் பிரதி நூலகம் 1700இலேயே ஒரு சட்டத்தின் மூலம் நாட்டுக்கு வந்திருந்தது. அதற்கென்று ஒழுங்கான கட்டடம், பணம், ஆள் எதையும் ஒதுக்காமல் விட்டுவிட்டார்கள். வீடு மாற்றி வீடு மாற்றி வைத்ததில் 1731இல் ஆஷ்பர்ன்ஹாம் மாளிகையில் தீப்பிடித்துப் பல பிரதிகள் கருகிப்போயின. சட்டம் இருந்தது, பராமரிக்க வழி இல்லை. தானத்தை வாங்கியவர்கள் செலவை யோசிக்கவில்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. உங்கள் தம்பிகளிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆகவே 1753 ஜூன் 7 அன்று மன்னரின் ஒப்புதல் பெற்ற சட்டம் மூன்றையும் ஒன்றாக முடிச்சுப் போட்டது: ஸ்லோனின் சேகரிப்பு, காட்டன் நூலகம், ஹார்லி குடும்பத்தின் கையெழுத்துப் பிரதிகள். ஹார்லி பிரதிகளுக்கு விலை 10,000 பவுண்டு. பணத்துக்கு எங்கே போவது? கஜானாவிலிருந்து கொடுக்க அன்றைய அரசுக்கு மனமில்லை. லாட்டரி நடத்தினார்கள். ஆமாம், உலகத்தின் முதல் பெரிய தேசிய அருங்காட்சியகம் லாட்டரிப் பணத்தில் எழுந்தது. சீட்டு ஒன்று 3 பவுண்டு, மொத்தம் 1,00,000 சீட்டு. 2,00,000 பவுண்டு பரிசாகப் போனது. மிச்சத்தில் செலவு கழித்து 95,000 பவுண்டுக்குக் கொஞ்சம் அதிகமாகக் கையில் நின்றது. லாட்டரியை நடத்திய அதிகாரிகளில் ஒருவரான பீட்டர் லெஹூப், விதியை மீறிச் சீட்டுகளை மொத்தமாகத் தள்ளிவிட்டுக் கொள்ளை லாபம் பார்த்தார். வழக்கு நடந்து 1,000 பவுண்டு அபராதம் கட்டினார். சம்பாதித்ததோடு ஒப்பிட்டால் அந்த அபராதம் ஒன்றுமேயில்லை. இந்த மாதிரி விஷயங்களில் அந்தக் காலம் இந்தக் காலம் என்று பெரிய வித்தியாசம் இல்லை.

அந்தப் பணத்தில் ப்ளூம்ஸ்பரியில் மாண்டேகு மாளிகையை 10,250 பவுண்டுக்கு வாங்கினார்கள். பக்கிங்ஹாம் மாளிகையும் விலைக்கு வந்தது, 30,000 பவுண்டு கேட்டார்கள், வேண்டாம் என்றுவிட்டார்கள். 1759 ஜனவரி 15 அன்று கதவு திறந்தது.

இனி சட்டத்தின் உள்ளே. அதில் நான் மெச்சும் பகுதி அறங்காவலர்களைத் தேர்ந்த விதம். தலைமை அறங்காவலர்கள் மூவர்: கேன்டர்பரி பேராயர், லார்ட் சான்சலர், நாடாளுமன்றக் கீழவைச் சபாநாயகர். அதாவது மதம், நீதி, மக்கள் சபை ஆகிய மூன்றின் தலைகள். ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், பதவிகள் இருக்கும். அதற்குக் கீழே பதவி வழியாக வரும் மற்றவர்கள். அடுத்ததாக ஸ்லோன், காட்டன், ஹார்லி என்ற மூன்று குடும்பங்களின் சார்பில் குடும்பத்துக்கு இருவர். இவர்கள் எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் 15 பேர். குடும்பத்தை முழுக்க வெளியே தள்ளவில்லை, குடும்பத்தின் கையிலேயும் விட்டுவிடவில்லை. இந்தக் கலவையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு அப்படியே உதவும்.

எல்லோரும் சேர்ந்து ஒரே சட்ட நபர். இதை வழக்கறிஞர் அல்லாதவர்கள் சட்டென்று கடந்துபோய்விடுவார்கள். நம் ஊர்க் கோயிலில் சொத்து குருக்கள் பெயரிலோ தர்மகர்த்தா பெயரிலோ இல்லாமல் சாமி பெயரில் இருக்கிறதல்லவா, கிட்டத்தட்ட அப்படி. அறங்காவலர் செத்துப்போகலாம், பதவி விலகலாம், சொத்து அசையாது.

ஸ்லோனின் சேகரிப்பை முழுமையாக, பிரிக்காமல், இன்னாருடையது என்ற அடையாளத்தோடு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. அறிஞர்களும் ஆவல் உள்ளவர்களும் பார்ப்பதற்கு மட்டுமல்ல, பொதுமக்களின் பயனுக்கும் என்று நோக்கத்தை எழுதிவைத்தது. வேடிக்கை பார்க்கும் இடமாக மட்டும் யாரும் அதை நினைக்கவில்லை. வாசிப்பு அறை முதல் நாளிலிருந்தே மையமாக இருந்தது. 1757இல் இரண்டாம் ஜார்ஜ் அரச நூலகத்தையும் கொடுத்தார். நாட்டில் அச்சாகும் நூல்களில் ஒரு பிரதி பெறும் உரிமையும் அதோடு வந்தது. காலப்போக்கில் ஒரே கூரை போதவில்லை. 1963 சட்டம் இயற்கை வரலாற்றுப் பிரிவுக்குத் தனி அறங்காவலர் குழு கொடுத்தது, 1972இன் இன்னொரு சட்டம் நூலகத்தைப் பிரித்துப் பிரிட்டிஷ் நூலகம் ஆக்கியது. ஒவ்வொரு முறை பிரிக்கவும் நாடாளுமன்றம் தேவைப்பட்டது என்பதைக் கவனியுங்கள். நிர்வாகிகள் தாங்களே கூடிப் பேசித் தீர்மானிக்கும் விஷயமாக அது இருக்கவில்லை.

சரி, 1753 சட்டம் இன்று செல்லுமா? செல்லாது. இன்று நடப்பில் இருப்பது 1963ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் மியூசியம் சட்டம். பேராயர், சான்சலர் எல்லாம் போய்விட்டார்கள். இப்போது 25 அறங்காவலர்கள்: மன்னர் நியமிப்பவர் ஒருவர், பிரதமர் நியமிப்பவர்கள் 15 பேர், ராயல் சொசைட்டி போன்ற நான்கு அறிவுக் கழகங்களின் சார்பில் நால்வர், குழுவே சேர்த்துக்கொள்வது ஐவர். உங்களுக்கு வேண்டிய பிரிவுகள் 3, 5. குழுவின் பெயரில் இருக்கும் பொருளைச் சட்டம் சொன்ன வழியில் அன்றி வேறெப்படியும் கைமாற்றக் கூடாது என்கிறது 3ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு. சட்டம் சொன்ன வழி என்ன என்பது 5ஆம் பிரிவில்: அதே மாதிரி இன்னொன்று கையில் இருந்தால், 1850க்குப் பிறகான அச்சுப் பொருளாகவும் அதன் புகைப்பட நகல் கையில் இருப்பதாகவும் இருந்தால், அல்லது வைத்திருக்கத் தகுதியற்றது, கொடுத்தாலும் மாணவர்களுக்கு நஷ்டமில்லை என்று குழு கருதினால், விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம், கொடுக்கலாம். பூச்சி அரித்து உதவாமல் போனதை அழிக்கலாம். இவ்வளவுதான்.

"அதே மாதிரி இன்னொன்று" என்ற வாசல் மிகவும் பழையது, 1767லேயே ஒரு சட்டத்தில் வந்துவிட்டது. இதை வைத்து இன்றைய நைஜீரியாவில் இருக்கும் பெனின் அரண்மனையிலிருந்து பிரிட்டிஷ் படை முன்பு அள்ளிவந்த பித்தளைத் தகடுகளில் சிலவற்றை, 1950களில் இரட்டைப் பிரதி என்று சொல்லி நைஜீரியாவுக்கே விற்றார்கள். கையால் வார்த்த சிற்பத்தில் இரட்டைப் பிரதி எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். கொடுக்க விரும்பியபோது சட்டத்தில் வழி தெரிந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

நீதிமன்றம் என்ன சொல்லியிருக்கிறது என்பதற்கு 2005இன் வழக்கு ஒன்று போதும். செக் நாட்டு ப்ர்னோ நகரில் வாழ்ந்த யூத வழக்கறிஞர் ஃபெல்ட்மன் சேர்த்திருந்த ஓவியங்களை 1939இல் நாஜிகள் பிடுங்கினார்கள். அவற்றில் நான்கு பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. திருப்பித் தர மியூசியத்துக்கே விருப்பம்தான். தார்மீகக் கடமை இருக்கிறது, கொடுக்கலாமா என்று தெளிவு கேட்டு விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. தார்மீகக் கடமை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நாடாளுமன்றம் போட்ட தடையை அது தாண்டாது என்று நீதிபதி சர் ஆண்ட்ரூ மோரிட் தீர்த்துவிட்டார். குடும்பத்துக்குப் பணம்தான் கிடைத்தது. அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? 2009இல் நாடாளுமன்றம் நாஜிக் காலப் பறிமுதல்களுக்கென்றே தனிச் சட்டம் போட்டுத் தடையை விலக்கியது. அதற்கு முன்பே, 2004இல், மனித எச்சங்களைத் திருப்பிக் கொடுக்க இன்னொரு சட்டத்தில் வழி செய்திருந்தார்கள். 2006இல் டாஸ்மேனியப் பழங்குடியினரின் சாம்பல் முடிப்புகள் அப்படித்தான் ஊர் திரும்பின.

ஆகவே "சட்டம் இடம் கொடுக்காது" என்று மியூசியம் சொல்வது உண்மை. அதையே அரசாங்கம் சொன்னால் அது தட்டிக் கழிப்பு. பிரிட்டிஷ் அமைச்சர்கள் "அது அறங்காவலர்களின் விஷயம்" என்பார்கள், அறங்காவலர்கள் "அது சட்டத்தின் விஷயம்" என்பார்கள், சட்டத்தை மாற்றக்கூடியவர்கள் அமைச்சர்களோடு ஒரே சபையில் உட்கார்ந்திருப்பார்கள். 2022இன் அறக்கட்டளைகள் சட்டத்தில் தார்மீகக் காரணத்துக்காகப் பொருளைத் திருப்பித் தரும் ஒரு வழி உருவாகப் பார்த்தது. தேசிய அருங்காட்சியகங்களை அந்த வழிக்குள் விடாமல் அரசு விலக்கியே வைத்தது. மனது இருந்தால் இரண்டு முறை திறந்த கதவு, மனது இல்லாதபோது மூடியிருக்கிறது.

இனி உங்கள் தாடிக்கொம்பு ஆழ்வாருக்கு வருவோம். அவர் இருந்தது ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில். அது ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் சொத்து, பிரிட்டிஷ் மியூசியம் சட்டம் அதைக் கட்டுப்படுத்தாது. 1967இல் லண்டன் ஏலத்தில் வாங்கிய சிலை. 1957இல் அது தாடிக்கொம்புக் கோயிலில் இருந்ததற்குப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் புகைப்படம் இருக்கிறது. அந்தப் படத்தைத் தனி ஆய்வாளர் ஒருவர் கவனத்துக்குக் கொண்டுவந்த பிறகு அருங்காட்சியகமே இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவித்தது. 2024 மார்ச்சில் பல்கலைக்கழக மன்றம் ஒப்புதல் கொடுத்தது. அறக்கட்டளை ஆணையத்தின் அனுமதி வேண்டும் என்ற ஒரு படி அதற்குப் பிறகு. நாடாளுமன்றம் எங்குமே வரவில்லை பாருங்கள். ஒரே நாடு, ஒரே மாதிரியான பொருள், ஆனால் நிறுவனத்தின் பிறப்புச் சான்றிதழ் வேறு.

இதே வரிசையில் பத்தூர் நடராஜர் வழக்கையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், வகுப்பில் சொல்லியிருந்தால் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள். பழைய தஞ்சை மாவட்டம் பத்தூர் விஸ்வநாதசுவாமி கோயில் மண்ணில் 1976இல் கிடைத்த நடராஜர், கை மாறி கை மாறி 1982இல் கனடா நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனார். அவர்கள் அதைச் சுத்தம் செய்து பாதுகாப்பதற்காகக் கொடுத்த இடம் எது? பிரிட்டிஷ் மியூசியமேதான். லண்டன் போலீஸ் அங்கே வைத்தே சிலையைக் கைப்பற்றியது. சோழர் காலத்துக் கோயில் லண்டன் நீதிமன்றத்தில் வழக்காட முடியுமா என்ற கேள்விக்கு, இந்தியச் சட்டம் கோயிலைச் சட்ட நபராக ஏற்கும்போது நாங்களும் ஏற்போம் என்று 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நடராஜர் தமிழ்நாட்டுக்கு வந்தார். 1963 சட்டம் ஏன் தடுக்கவில்லை? மியூசியம் அவருக்குச் சொந்தக்காரராக ஆகவே இல்லை, பழுது பார்க்க வாங்கி வைத்திருந்தது, அவ்வளவுதான். தடை "குழுவின் பெயரில் இருக்கும் பொருளுக்கு" மட்டும்.

இதிலிருந்து ஒரு நடைமுறை விஷயம். திருட்டுப் பொருளைத் தெரிந்து வாங்கினால் ஒன்று, தெரியாமல் நல்ல நம்பிக்கையில் வாங்கினால் வேறு. இங்கிலாந்தின் காலவரையறைச் சட்டப்படி நல்ல நம்பிக்கையில் வாங்கி ஆறு வருஷம் கடந்தால் பழைய உரிமை பெரும்பாலும் அற்றுப்போகும். பத்தூருக்கு அந்தப் பிரச்சினை இல்லை, 1982லேயே பிடித்துவிட்டார்கள். 1967இல் வாங்கிய பொருளுக்குச் சட்ட உரிமை பேசுவது கடினம். அங்கே கை கொடுத்தது தார்மீக வாதமும் அந்த ஒரு புகைப்படமும்தான். உங்கள் பகுதிக் கோயில் எதிலாவது சிலை காணாமல் போயிருப்பதாகத் தெரிந்தால், முதல் தகவல் அறிக்கை இருக்கிறதா, பழைய சொத்துப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா, புதுச்சேரியில் படம் இருக்கிறதா என்று இந்த மூன்றையும் தேடி எடுத்து, அறநிலையத் துறைக்கும் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கும் எழுத்தில் கொடுங்கள். வெளிநாட்டு மியூசியத்துக்குத் தனிநபராகக் கடிதம் எழுதினால் மரியாதையான பதில் வரும், அதற்கு மேல் போகாது. கோரிக்கை தூதரகம் வழியாகப் போனால்தான் கணக்கு.

அமராவதிச் சிற்பங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள் என்பதால் இரண்டு வரி. ஆந்திரத்து அமராவதியில் 1845இல் வால்டர் எலியட் தோண்டியெடுத்துச் சென்னைக்குக் கொண்டுவந்தவை, 1859இல் லண்டனுக்குக் கப்பலேறி 1880 வாக்கில் பிரிட்டிஷ் மியூசியத்தில் அடைந்தவை. அனுப்பியதும் அன்றைய ஆட்சி, வாங்கியதும் அவர்களே. திருட்டு என்று வழக்குப் போட முடியாது. அதற்கு 1963 சட்டத்தையே மாற்ற வேண்டும்.

உங்கள் வீட்டு அருங்காட்சியகத்துக்கு வருகிறேன். தேசிய அளவில் நம் நாட்டிலேயே இரண்டு பாணியும் உண்டு. டெல்லி தேசிய அருங்காட்சியகத்துக்கென்று தனிச் சட்டம் கிடையாது, கலாச்சார அமைச்சகத்தின் கீழ் ஓர் அலுவலகம் அது. ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகமோ 1961இல் நாடாளுமன்றம் போட்ட சட்டத்தில் தனி வாரியத்தோடு நிற்கிறது. அதன் பின்னாலும் வாரிசுகள், நீதிமன்றம், சமரசம் என்று ஒரு குடும்பக் கதை உண்டு. உங்களுக்கு நாடாளுமன்றம் வராது. உங்கள் அறக்கட்டளைப் பத்திரம்தான் உங்களுடைய 1753.

சங்கமாகப் பதிவு செய்யலாம் என்று தம்பி ஒருவர் சொல்லியிருப்பார். வேண்டாம் என்பேன். சங்கத்தில் உறுப்பினர்கள் சிறப்புத் தீர்மானம் போட்டு விதிகளை மாற்றிவிடலாம், பத்து வருஷம் கழித்து யார் உறுப்பினர் என்பது உங்கள் கையில் இருக்காது. குடும்பத்தின் நன்மைக்கான தனியார் அறக்கட்டளையும் வேண்டாம், அது பொதுப் பயன் என்று நிற்காது. திரும்பப் பெற முடியாத பொது அறக்கட்டளையாகப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். பின்னால் தகராறு வந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்கீழ் ஊர்க்காரர்கள் இருவர் நீதிமன்ற அனுமதியோடு வழக்குத் தொடுக்கலாம். அதாவது ஊருக்கும் ஒரு பிடி இருக்கும்.

அறங்காவலர்களில் குடும்பத்துக்கு இரண்டு இடத்துக்கு மேல் வைக்காதீர்கள். பக்கத்துக் கல்லூரியின் தமிழ் அல்லது வரலாற்றுத் துறைத் தலைவர், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் என்று பதவி வழியாக இரண்டு, மூன்று பேர். மற்றவர்களை இவர்கள் சேர்ந்து தேர்ந்தெடுக்கட்டும். பதவி வழி உறுப்பினர்களிடம் முன்கூட்டியே கேட்டுச் சம்மதக் கடிதம் வாங்கிவிடுங்கள். பத்திரத்தில் பெயர் போட்டுவிட்டு அவருக்கே தெரியாமல் இருந்த கதைகள் என் அலுவலகக் கோப்புகளில் நிறைய உண்டு.

பொருள்களை விற்பது, கொடுப்பது பற்றிய பிரிவுதான் பத்திரத்தின் உயிர். ஒன்றுமே எழுதாமல் விட்டால் அடுத்த தலைமுறை விற்றுவிடும். "எக்காலத்திலும் எதையும் கொடுக்கக் கூடாது" என்று எழுதினால் நீங்களே ஒரு சின்ன 1963 சட்டத்தைப் போட்டதாகிவிடும். உங்கள் அப்பா வாங்கிய சிலைகளில் ஒன்று நாளை ஏதோ ஒரு கோயிலுடையது என்று தெரிய வந்தால் என்ன செய்வீர்கள்? விற்பனைக்கு முழுத் தடை, ஆனால் திருட்டு என்றோ கோயில் சொத்து என்றோ நம்பத்தகுந்த ஆதாரம் கிடைத்தால் முக்கால்வாசி அறங்காவலர்களின் தீர்மானத்தோடு உரியவரிடம் ஒப்படைக்கலாம் என்று வெளிப்படையாக எழுதுங்கள். அறக்கட்டளை நடத்த முடியாமல் போனால் எல்லாம் மொத்தமாக எந்த அரசு அருங்காட்சியகத்துக்கோ பல்கலைக்கழக நூலகத்துக்கோ போக வேண்டும் என்பதையும் பெயரோடு குறியுங்கள். சுவடிகளைப் படிக்க வரும் ஆய்வாளருக்கு எந்த நாளில், எந்த நிபந்தனையில் அனுமதி, நகல் எடுக்கலாமா என்பதும் பத்திரத்திலேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் சாவி வைத்திருப்பவரின் மனநிலைதான் விதியாகும்.

பணம். காட்டன் நூலகம் கருகிய கதை நினைவிருக்கட்டும். மின்சாரக் கட்டணம், ஒரு காவலாளி, சுவடிகளுக்கு எண்ணெய் போட்டுப் பராமரிக்க ஒருவர், இவற்றுக்கு வருஷச் செலவு என்ன என்று போட்டு, வட்டியில் அது வருமளவுக்கு வைப்புத்தொகை சேராமல் கதவைத் திறக்காதீர்கள். அறையைத் திறப்பு விழாவுக்கு அலங்கரிக்கும் செலவைக் குறைத்தாலும் பரவாயில்லை.

பத்திரத்தோடு ஒவ்வொரு பொருளின் பட்டியலும் புகைப்படமும் இணைப்பாக இருக்க வேண்டும். சிலைகள் 100 வருஷத்துக்கு மேற்பட்டவை என்றால் 1972இன் தொல்பொருள் சட்டப்படி பதிவு அலுவலரிடம் பதிய வேண்டும். முன்பே பதிந்திருக்கிறதா என்று அப்பாவின் காகிதங்களில் தேடிப் பாருங்கள். நிலத்தில் தோண்டும்போது கிடைத்தது எதுவும் கலந்திருந்தால், 1878இன் புதையல் சட்டம் அதை ஆட்சியருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. அதை மறைத்துவிட்டு அறக்கட்டளைக்கு எழுதினால் அறக்கட்டளையே சிக்கலில் தொடங்கும். எதை அப்பா எங்கே, யாரிடம் வாங்கினார் என்று உங்களுக்கு நினைவிருப்பதைத் தேதியோடு இப்போதே எழுதிக் கையெழுத்திடுங்கள். நினைவில் இல்லாததற்குக் கதை கட்ட வேண்டாம், "தெரியவில்லை" என்றே எழுதுங்கள்.

கடைசியாக, இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் ஒன்று. அப்பா உயில் எழுதினாரா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. எழுதவில்லை என்றால் அந்தப் பொருள்கள் இன்று உங்களுடையவை மட்டுமல்ல. அம்மா இருந்தால் அவர், நீங்கள், தம்பிகள் எல்லோரும் பங்குதாரர்கள். நீங்கள் தனியாகப் பத்திரம் எழுதினால் உங்கள் பங்குக்கு மட்டும்தான் அது செல்லும். எல்லோரும் ஒரே பத்திரத்தில் அறக்கட்டளை நிறுவுபவர்களாகக் கையெழுத்திட வேண்டும், வர மறுப்பவரிடம் விடுதலைப் பத்திரம் வாங்க வேண்டும். யாராவது ஒரு தம்பி பணம் கேட்டால் கோபப்படாதீர்கள், ஸ்லோனின் மகள்களுக்கும் 20,000 பவுண்டு கொடுத்துத்தான் வாங்கினார்கள். நியாயமான தொகை பேசி, காசோலையில் கொடுத்து, ரசீதைப் பத்திரத்தோடு இணைத்துவிடுங்கள்.